அறைகளை வரையும் முன் சேவையை வரையுங்கள்: புதிய ஆர்க்கிடெக்ட்களுக்கு ஒரு வழிகாட்டி

கட்டடம் வேண்டும் என்று வருபவரின் கையில் பெரும்பாலும் ஓர் அறைப்பட்டியல் இருக்கும். வரவேற்பு ஒன்று, காத்திருப்புக் கூடம் ஒன்று, மருத்துவர் அறை நான்கு, பதிவேடுகளுக்கு ஒன்று, கழிப்பறைகள். தொழிலுக்குப் புதிதாக வந்தவர் அந்தப் பட்டியலை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் பரப்பளவு போட்டு, அறைகளை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பிளான் போடத் தொடங்கிவிடுவார். புதுமைக்கான வாய்ப்பில் பெரும்பகுதி அந்த இடத்திலேயே கைநழுவிவிடுகிறது. அந்தப் பட்டியல் பழைய கட்டடத்திலிருந்து எழுதப்பட்டது. அங்கே வேலை எப்படி நடந்ததோ அதையே புதிய சுவர்களுக்குள்ளும் நடத்தச் சொல்கிறது.

சேவை வடிவமைப்பு இந்த இடத்தில்தான் உதவுகிறது. ஒருவர் கட்டடத்துக்கு எதற்காக வருகிறார், வந்தது முதல் திரும்பும் வரை அவருக்கு என்னென்ன நடக்கிறது, அதை நடத்திக்கொடுக்க உள்ளே யார் யார் என்ன செய்கிறார்கள் என்பதை முதலில் வடிவமைத்துவிட்டு, அதற்கேற்ற இடத்தைப் பிறகு வரைவது. சேவைக்கு வரையும் வரைபடத்துக்கு அடித்தளம் போட்டவர் வங்கித் துறையில் பணியாற்றிய லின் ஷோஸ்டாக். 1984-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரையில், தெருவோரத்தில் ஷூவுக்கு பாலிஷ் போடுவது போன்ற சின்ன வேலையைக்கூடப் படிப்படியாக வரைந்து, எங்கே தவறு நேரும், எவ்வளவு நேரம் ஆகும் என்று காட்டினார். 1990-களில் ஜெர்மனியின் கொலோன் நகரில் இது தனிப் பாடமாகவே வளர்ந்தது.

பெயர் வருவதற்கு முன்பே இதைச் செய்தவர்கள் உண்டு. பின்லாந்தில் 1933-இல் திறந்த பைமியோ காசநோய் மருத்துவமனையை வடிவமைத்த ஆல்வார் ஆல்டோ, நோயாளி நாள் முழுவதும் படுத்தே இருப்பவர் என்பதிலிருந்து தொடங்கினார். படுத்திருப்பவரின் கண் கூரையையே பார்ப்பதால் கூரைக்கு இதமான நிறம் கொடுத்தார். விளக்கைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தார். இருவர் தங்கும் அறையில் ஒருவர் கை கழுவினால் மற்றவர் விழித்துக்கொள்ளாதபடி, தண்ணீர் சாய்வாக விழுந்து சத்தமெழுப்பாத தொட்டியைச் செய்தார். ஒரு மனிதரின் ஒரு நாளை முழுதாக யோசித்ததால் கிடைத்தவை இவை. அறைப்பட்டியலில் இவற்றில் ஒன்றுகூட இருந்திருக்காது.

இனி வேலைக்கு வருவோம். புரிவதற்காக, ஒரு சிறிய புறநோயாளர் மருத்துவமனையை எடுத்துக்கொள்கிறேன். நூலகம், வங்கிக் கிளை, பள்ளி, அரசு சேவை மையம் எதற்கும் இதே வழிதான்.

முதல் படி: பட்டியலைத் திருப்பிக் கேளுங்கள்

உரிமையாளர் தந்த பட்டியலை ஒதுக்க வேண்டாம். ஒவ்வொரு அறைக்கும் எதிரே, ‘இங்கே யார், என்ன செய்கிறார்?’ என்ற கேள்வியை எழுதிக் கேளுங்கள். ‘காத்திருப்புக் கூடம்’ என்றால், எதற்காகக் காத்திருக்கிறார்கள்? பெயர் பதியவா, மருத்துவரைப் பார்க்கவா, பரிசோதனை முடிவுக்கா, மருந்துக்கா? நான்குக்கும் ஒரே கூடம் என்றால், அழைப்பது யாரை என்று தெரியாமல் எல்லாரும் தலையை நிமிர்த்திக்கொண்டே இருப்பார்கள்.

மேகிஸ் மையங்கள் இதற்கு நல்ல சான்று. புற்றுநோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஆதரவு தரும் இந்த மையங்களில் முதலாவது 1996-இல் எடின்பரோவில், பழைய குதிரைலாயம் ஒன்றைச் சீரமைத்துத் திறக்கப்பட்டது. ஆர்க்கிடெக்ட் ரிச்சர்ட் மர்ஃபி. உள்ளே வருபவருக்கு என்ன தோன்ற வேண்டும், அவர் யாரிடமும் காரணம் சொல்லாமல் எப்படி நுழைய முடியும் என்பதை இந்த மையங்கள் தம் ஆர்க்கிடெக்ட்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகின்றன. அதனால் அங்கே வரவேற்பு மேசை கிடையாது. நடுவில் ஒரு சமையலறை மேசை இருக்கும். யாரும் போய் உட்காரலாம். ஓர் அறையின் பெயரை நீக்கிவிட்டு, அங்கே நடக்க வேண்டியதை எழுதியதும் கட்டடமே வேறாகிவிட்டது.

இரண்டாம் படி: போய் உட்கார்ந்து பாருங்கள்

எந்த மென்பொருளும் தர முடியாத விவரம் இங்கேதான் கிடைக்கும். அதனால் நேரத்தைத் தாராளமாக இதற்குச் செலவிடுங்கள். இப்போது சேவை நடக்கும் இடத்துக்கு, உரிமையாளரின் அனுமதியோடு போங்கள். கூட்டம் மிகுந்த நேரத்தில் ஒரு முறையாவது, ஆளில்லாத நேரத்தில் ஒரு முறையாவது இருங்கள். யாரையாவது தொடர்ந்து போய்ப் பார்ப்பதென்றால் அவரிடம் கேட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டு போங்கள். மருத்துவமனை போன்ற இடத்தில் முகங்களைப் படம் எடுக்காதீர்கள். கையால் வரைந்த குறிப்புகளே போதும்.

எதைப் பார்ப்பது? முதலில் சுவர்களை. ‘இங்கே நிற்காதீர்கள்’, ‘எக்ஸ்ரே இந்தப் பக்கம்’, ‘டோக்கன் வாங்கியவர்கள் மட்டும்’ என்று கையால் எழுதி ஒட்டிய ஒவ்வொரு காகிதமும், கட்டடம் சொல்லத் தவறியதை ஊழியர் ஒருவர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதியது. அவற்றை எழுதிக்கொண்டு, எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று பிளானில் குறியுங்கள். அடுத்து, இடம் மாறிக் கிடக்கும் பொருள்கள்: நடைவழியில் போட்ட நாற்காலி, மூடாமல் இருக்கக் கல் வைத்த கதவு, ஜன்னல் விளிம்பில் அடுக்கிய கோப்புகள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் தேவைக்குக் கட்டடத்தில் இடமில்லாமல் போனதைக் காட்டுகிறது.

பேசும்போது, ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்காதீர்கள். ‘பெரிய கூடம் வேண்டும்’ என்ற பதில்தான் வரும். ‘போன தடவை வந்தபோது என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். நோயாளியிடமும் மருத்துவரிடமும் மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். வாசல் காவலர், தூய்மைப் பணியாளர், மருந்துப் பெட்டி இறக்குபவர், துணைக்கு வந்தவர், சக்கர நாற்காலியில் வந்தவர், எழுத்து வாசிக்கத் தெரியாதவர் எல்லாரிடமும் பேசுங்கள். கட்டடத்தைப் பற்றி மிக அதிகம் தெரிந்தவர் பெரும்பாலும் வாசல் காவலர்தான். வழி கேட்பவர்கள் எல்லாரும் அவரிடம்தானே கேட்கிறார்கள்?

மூன்றாம் படி: ஒருவரின் பயணத்தை வரையுங்கள்

நீளமான தாளில், இடமிருந்து வலமாக, ஒருவர் செய்யும் ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதுங்கள். வாசலில் தொடங்காதீர்கள், வீட்டில் தொடங்குங்கள். எந்த நேரத்துக்கு வரச் சொன்னார்கள், எங்கே இறங்கினார், எந்த வாசல் என்று எப்படித் தெரிந்தது? ஒவ்வொரு படியின் கீழும் மூன்று விவரங்கள் போதும்: எங்கே இருக்கிறார், கையில் என்ன இருக்கிறது, மனத்தில் என்ன கேள்வி இருக்கிறது.

‘கையில் என்ன’ என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு கையில் குழந்தை, மறு கையில் கோப்பு என்று இருப்பவர் இழுத்துத் திறக்கும் கதவை எப்படித் திறப்பார்? கவுன்டரில் கையெழுத்துப் போடும்போது பையை எங்கே வைப்பார்? கதவு திறக்கும் திசையும் கவுன்டருக்குக் கீழே ஒரு சிறு பலகையும் இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கின்றன.

ஒருவருக்கு மட்டும் வரைந்தால் போதாது. முதன்முறை வருபவர், மாதந்தோறும் வருபவர், அவசரமாகத் தூக்கி வரப்படுபவர் ஆகிய மூவரின் பயணத்தையும் வரையுங்கள். மூன்றும் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில்தான் பிளான் தடுமாறும்.

நான்காம் படி: சேவை வரைபடம், அதன் மூன்று கோடுகள்

இந்தக் கட்டுரையில் எதையாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், இந்தப் படியை எடுத்துக்கொள்ளுங்கள்.

பயணத் தாளின் கீழே இன்னும் மூன்று வரிசைகள் சேருங்கள். முதல் வரிசையில், வருபவர் நேரில் பார்க்கும் ஊழியர் என்ன செய்கிறார். இரண்டாவதில், வருபவர் கண்ணில் படாமல் உள்ளே நடக்கும் வேலை. மூன்றாவதில், அதற்குத் துணையாக இருப்பவை: கணினி, பதிவேடு, ஆய்வகம், துணி துவைப்பு, கழிவு அகற்றல். இப்போது வரிசைகளுக்கு நடுவே மூன்று கோடுகள் கிடைக்கும். சேவை வடிவமைப்பாளருக்கு அவை வெறும் கோடுகள். நமக்கோ மூன்றும் கட்டப்போகும் பொருள்கள்.

முதலாவது தொடர்புக் கோடு: வருபவரும் ஊழியரும் சந்திக்கும் இடம். பிளானில் இது கவுன்டராகவோ மேசையாகவோ கதவாகவோ வரும். எவ்வளவு உயரம், இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்களா, நிற்கிறார்களா, பின்னால் நிற்பவர் காதில் விழுமா என்ற முடிவுகளை இங்கே எடுக்க வேண்டும். நோயின் பெயரை உரக்கச் சொல்ல வைக்கும் கவுன்டர், எவ்வளவு அழகான கல்லில் செய்திருந்தாலும், மோசமான கவுன்டர்.

இரண்டாவது பார்வைக் கோடு: எது தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது. இது சுவராகவோ கண்ணாடியாகவோ திரையாகவோ கட்டடத்தில் நிற்கும். பழக்கத்தால் எல்லாவற்றையும் சுவரால் மறைத்துவிடுகிறோம். மருந்தாளர் வேலை செய்வது கண்ணாடி வழியே தெரிந்தால், காத்திருப்பவருக்குத் தன் சீட்டு எங்கே இருக்கிறது என்ற பதைப்பு குறையும். துயரச் செய்தி கேட்டு வெளியே வரும் குடும்பம் மட்டும் கூட்டத்தின் கண்ணுக்கு நடுவே நடந்துபோகக் கூடாது. அவர்களுக்கு வேறொரு கதவு வேண்டும்.

மூன்றாவது உள்தொடர்புக் கோடு: கண்ணில் படாமல் உள்ளே நடக்கும் வேலைக்கும் அதற்குத் துணையாக இருப்பவற்றுக்கும் இடையிலானது. இது பின்நடைவழியாக, சுவர்த்திறப்பாக, சரக்கு லிஃப்டாக வரும். ரத்தம் எடுத்த குழாயை ஆய்வகத்துக்கு யார் கொண்டுபோகிறார்? அவர் ஒவ்வொரு முறையும் காத்திருப்புக் கூடத்தைக் கடந்து போகிறார் என்று வரைபடம் காட்டினால், இரண்டு அறைகளையும் பக்கத்தில் வைத்து நடுச்சுவரில் ஒரு சிறு திறப்பு கொடுத்தால் போதும். சிறுநீர் மாதிரிக்கும் அப்படித்தான். கழிப்பறைச் சுவரில் இரு பக்கமும் கதவுள்ள சிறு பெட்டி இருந்தால், கையில் குப்பியோடு ஒருவர் கூச்சத்துடன் கூட்டத்தைக் கடக்க வேண்டியதில்லை. செலவு மிகக் குறைவு. கிடைக்கும் கண்ணியம் பெரிது.

வரைபடத்தில் தவறு நேரக்கூடிய இடங்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். கணினி நின்றால்? மருத்துவர் வரத் தாமதமானால்? அந்த நேரத்தில் கூட்டம் எங்கே நிற்கும்?

ஐந்தாம் படி: கணக்குப் போடுங்கள்

காத்திருப்புக் கூடத்தின் அளவைக் கண்மதிப்பில் முடிவு செய்யாதீர்கள். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி எளியது: உள்ளே சராசரியாக இருப்போர் எண்ணிக்கை, ஒரு மணிநேரத்தில் வருவோர் எண்ணிக்கையை ஒருவர் தங்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். ஒரு மணிக்கு 40 பேர் வருகிறார்கள், ஒருவர் 45 நிமிடம் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 45 நிமிடம் என்பது 0.75 மணி, 40-ஐ 0.75-ஆல் பெருக்கினால் 30 பேர். ஒவ்வொருவருக்கும் துணைக்கு ஒருவர் என்றால் 60 நாற்காலி. நடைவழியும் சேர்த்து நாற்காலிக்கு 1.5 சதுர மீட்டர் என்று கொண்டால் 90 சதுர மீட்டர்.

நேரம் குறித்துக் கொடுத்து வரச் சொல்வதன் மூலம் காத்திருப்பை 15 நிமிடமாகக் குறைத்தால்? 10 பேர், 20 நாற்காலி, 30 சதுர மீட்டர். கட்ட வேண்டாத 60 சதுர மீட்டர் கையில் மிஞ்சுகிறது. அதை ஆலோசனை அறையாக்கலாம், மரம் நிற்கும் முற்றமாக்கலாம், கட்டாமலே விடலாம். உரிமையாளரிடம் சேவை வடிவமைப்பைப் பற்றி அரை மணிநேரம் விளக்குவதைவிட இந்தக் கணக்கைக் காட்டுவது பலன் தரும்.

ஓர் எச்சரிக்கை. இது சராசரிக்கான விதி. மிகவும் கூட்டமான மணிநேரத்தின் எண்களை எடுத்துக்கொண்டு, அதற்கு மேலும் சற்று இடம் விடுங்கள். வருவோரின் வேகம், மருத்துவர் பார்த்து அனுப்பும் வேகத்தைவிட அதிகமாக இருந்தால் வரிசை வளர்ந்துகொண்டே போகும். அதற்கு எந்தக் கூடமும் போதாது.

ஆறாம் படி: கட்டாமல் தீருமா என்று பாருங்கள்

புதுமை என்றால் புதிய வடிவம் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் படி பிடிக்காது. ஆனால் சில சிக்கல்கள் ஓர் அறிவிப்பில் தீரும், சில நேர அட்டவணையில் தீரும். இங்கிலாந்தில் மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் ஊழியர்கள் மீதான வன்முறையைக் குறைக்க, டிசைன் கவுன்சில் அமைப்பு பியர்சன்லாய்ட் என்ற வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து 2011-இல் ஒரு தீர்வை வெளியிட்டது. நீங்கள் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள், அடுத்து என்ன நடக்கும், ஏன் காத்திருக்க வேண்டும் என்பதை ஒவ்வோர் இடத்திலும் தெளிவாகச் சொல்லும் பலகைகள் அதில் முக்கியமானவை. இரண்டு மருத்துவமனைகளில் சோதித்தபோது மிரட்டும் நடத்தை பாதியாகக் குறைந்ததாக மதிப்பீடு சொன்னது. சுவர் எதையும் இடிக்கவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஹூஸ்டன் விமான நிலையத்தில் பெட்டி வரத் தாமதம் என்ற புகார் ஓயவே இல்லை. கடைசியில் விமானம் வந்து நிற்கும் இடத்தைத் தொலைவுக்கு மாற்றினார்கள். பயணிகள் நடந்து வந்து சேர்வதற்குள் பெட்டியும் வந்துவிட்டது, புகாரும் நின்றது. இந்தக் கதையை வகுப்புகளில் வியந்து சொல்வார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. முழங்கால் வலியோடு நடப்பவருக்கு அந்தத் தொலைவு வெறும் எண்ணாக இருக்காது. புகார் குறைவதை மட்டும் அளந்தால் யார் தலையில் சுமை ஏறியது என்பது தெரியாமல் போகும்.

ஏழாம் படி: தரையில் டேப் ஒட்டி நடந்து பாருங்கள்

பிளான் ஓரளவு உருவானதும் ஒரு காலி இடத்தில் மாஸ்கிங் டேப்பால் அறைகளை முழு அளவில் தரையில் ஒட்டுங்கள். பெரிய அட்டைகள் சுவர்கள், மேசைகளே கவுன்டர். உண்மையான ஊழியர்களை அழைத்து ஒரு காலைப்பொழுதை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி திரும்ப 1500 மில்லிமீட்டர் வட்டம் வேண்டும் என்று எல்லாரும் படித்திருப்பார்கள். பக்கத்தில் ஒருவர் நின்று கதவைப் பிடித்திருக்கும்போது அந்த வட்டம் எப்படிச் சுருங்குகிறது என்பது இங்கேதான் தெரியும்.

முதல் ஒத்திகையில் எல்லாம் ஒழுங்காக நடக்கட்டும். இரண்டாவதில் நான்காம் படியில் சிவப்பு வட்டமிட்டவற்றை நடத்துங்கள்: கணினி நின்றுவிட்டது, டோக்கன் தொலைந்துவிட்டது, ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார். ஊழியர்கள், ‘இந்தக் கதவு இந்தப் பக்கம் இருந்தால் நன்றாக இருக்கும்’ என்று தாங்களே அட்டையைப் பிடுங்கி நகர்த்துவார்கள். நகர்த்தட்டும், நீங்கள் படம் எடுத்து, அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தாளில் மூன்று கூட்டங்கள் நடத்தினாலும் முடியாத விவாதம் அங்கே நின்றபடியே முடிந்துவிடும்.

எட்டாம் படி: முடிவுகளை வரைபடத் தொகுப்பில் ஏற்றுங்கள்

நல்ல யோசனைகள் பல, செலவைக் குறைக்கும் கூட்டத்தில் செத்துப்போகின்றன. ‘இந்தச் சுவர்த்திறப்பு எதற்கு? எடுத்துவிடலாம்’ என்று ஒருவர் சொல்லும்போது, அதற்குப் பின்னால் இருக்கும் காரணம் யாருக்கும் நினைவில் இருக்காது. அதனால் முக்கியமான ஒவ்வோர் அறைக்கும் ஒரு பக்கம் எழுதி வரைபடங்களோடு சேருங்கள்: யார் வருகிறார், இதற்கு முன் எங்கே இருந்தார், அடுத்து எங்கே போவார், கையில் என்ன, என்ன தவறு நேரலாம், இந்தச் சுவர் ஏன் இங்கே. ஒரே பக்கம்தான், நீண்டால் படிக்க மாட்டார்கள்.

ஊழியர் எண்ணிக்கை, வேலை நேரம், அழைக்கும் முறை போன்ற சேவை முடிவுகளில் உரிமையாளரின் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 30 சதுர மீட்டர் கூடம் கட்டிய பிறகு, நேரம் குறித்துத் தரும் முறையை அவர்கள் கைவிட்டால் கூட்டம் வெளியே நிற்கும். கட்டடமும் சேவையும் ஒன்றையொன்று நம்பி நிற்பவை என்பது எழுத்தில் இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: திறந்த பிறகு திரும்பிப் போங்கள்

பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட்களின் அமைப்பான ரீபா, தன் வேலைத்திட்டத்தை 2013-இல் 0 முதல் 7 வரை எட்டுக் கட்டங்களாக மாற்றியபோது, கட்டடம் பயன்பாட்டில் இருக்கும் காலத்தையே ஏழாவது கட்டமாக வைத்தது. 2020-இல் திருத்திய பதிப்பில், பூஜ்யக் கட்டத்தின் கேள்வி, உரிமையாளரின் தேவைக்குச் சிறந்த வழி எது என்பது; அதற்குக் கட்டடம்தான் வழி என்று தெரிந்த பிறகே முதல் கட்டம். சேவை வடிவமைப்பாளர் நின்று வேலை செய்யும் இடங்கள் இந்த இரண்டு முனைகள்தான்.

திரும்பிப் போவதற்கான கட்டணத்தைத் தொடக்க ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது. திறந்த சில வாரங்களில் ஒரு முறை போனால், பூட்டு, விளக்கு, பலகை போன்ற சில்லறைத் திருத்தங்கள் தெரியும். ஓர் ஆண்டு கழித்துப் போனால், கட்டடத்தோடு மக்கள் பழகிய விதம் தெரியும். இரண்டாம் படியில் செய்ததையே செய்யுங்கள். அதே மணிநேரத்தில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், காவலரிடம் எத்தனை பேர் வழி கேட்கிறார்கள், சுவரில் எத்தனை காகிதங்கள் ஒட்டியிருக்கின்றன என்று எண்ணுங்கள். முன்பு எடுத்த எண்கள் இல்லாவிட்டால் ஒப்பிட வழியில்லை. ஆகவே இரண்டாம் படியிலேயே அவற்றை எழுதி, தேதி போட்டு வையுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

முழு மருத்துவமனை கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் வேலை செய்யும் அலுவலகத்தின் நுழைவாயில், படிக்கும் கல்லூரியின் நூலகக் கவுன்டர் என்று ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலை முழுதும் அங்கே இருந்து பாருங்கள், ஒரு பயணத்தை வரையுங்கள், அதன் கீழே மூன்று கோடுகளையும் போடுங்கள். பிறகு அந்த இடத்தின் இப்போதைய பிளானைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கோடும் எந்தச் சுவராக, எந்த மேசையாக நிற்கிறது என்று தேடுங்கள். பொருந்தாத இடம் ஒன்றாவது கிடைக்கும். அதை அட்டையும் டேப்பும் வைத்து மாற்றிப் பார்க்கலாமா என்று அங்கே வேலை செய்பவரிடம் அனுமதி கேளுங்கள்.